ரக்பிக்காரியின் கர்க்கடகம்

கேரளத் தென்கோடியில் ஆரியங்கோடு பக்கத்தில் ஒரு பெண் சரக்கேற்றும் பெட்டி ஆட்டோவைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு மேடேறினால், பார்த்துவிட்டுச் சும்மா போகிற ஆட்கள் யாரும் கிடையாது. ரப்பர் பால் வெட்டப் போகிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வருவார். தனுவச்சபுரம் பஸ்ஸுக்கு நிற்கிற காலேஜ் பிள்ளைகள் பஸ் போனாலும் போகட்டும் என்று ஓடி வருவார்கள். ஆளுக்கொரு கை கொடுத்து மேட்டில் ஏற்றிவிட்டு, "இப்பம் ஸ்டார்ட் பண்ணு மக்கா" என்று முன்னால் உட்கார்ந்திருக்கும் ஷைஜுவிடம் சொல்வார்கள். ஷைஜு சாவியைத் திருப்புவான். வண்டி முதல் திருப்பிலேயே உறுமும். வந்தவர்கள் தங்கள் கைராசியைத் தாங்களே மெச்சிக்கொண்டு போவார்கள். பின்னால் நிற்கும் பிரசீதாவுக்குத்தான் அழுகை வரும். அன்றைய பயிற்சி அத்தோடு போயிற்று.

வண்டியில் ஒரு கோளாறும் கிடையாது. பிரசீதாவுக்கு ரக்பி ஆடுவது தொழில். வடக்கே ஒரு நகரத்துக் கிளப் அவளுக்கு ஆண்டு ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் கொடுக்கிறது. ஏழு பேர் ஆடும் ரக்பி அது. ஆட்டம் நின்று மறுபடி தொடங்கும்போது, இரண்டு பக்கத்திலும் மூன்று மூன்று பேர் குனிந்து, தோளோடு தோள் கோத்து, எதிர்வரிசையை முட்டித் தள்ள வேண்டும். பிரசீதா அந்த மூவரில் ஓரத்தில் நிற்கிறவள். அவள் இடுப்பு தளர்ந்தால் மொத்த வரிசையும் மூக்குக் குப்புற விழும். அந்தத் தள்ளலைப் பழகக் கிளப்பில் இரும்புச் சறுக்குவண்டி வைத்திருக்கிறார்கள். ஊரில் அதற்கு எங்கே போவது? கணவன் ஷைஜுவின் பெட்டி ஆட்டோவை நியூட்ரலில் போட்டு மேட்டில் தள்ளினாள். உதவி செய்யாமல் இருக்கத் தெரியாத ஊரில் பிறந்தது அவள் தலையெழுத்து.

தனுவச்சபுரத்தில் படித்த காலத்தில் அவள் குண்டெறிகிறவளாக இருந்தாள். கால் பலத்தைப் பார்த்து ஒரு பயிற்சியாளர் கையில் ரக்பிப் பந்தைக் கொடுத்தார். மாநில அணி, அப்புறம் கிளப் என்று போனது. ஷைஜுவுக்குப் பெண் பார்க்க வந்த அன்று, அவன் அம்மா ஷியாமளா நகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இந்தக் களியில பல்லு போவுமா மக்கா?" என்றுதான் கேட்டாள். களி என்றால் இங்கே விளையாட்டு.

"பல்லுக்கு உறை போட்டாக்கும் களிப்போம் மாமி."

"அதக் கொஞ்சம் காணட்டு."

பிரசீதா உள்ளே போய்ப் பல்லுறையை எடுத்துக்கொண்டு வந்தாள். ஷியாமளா கையைக் கழுவிவிட்டு அதை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தாள். கல்யாணம் அங்கேயே முடிவாகிவிட்டது என்று ஷைஜு இன்றைக்கும் சொல்வான்.

போன சீசனின் கடைசி ஆட்டத்தில் பிரசீதாவின் வலது முழங்கால் மடங்கியது. உள்ளே தசைநார் அறுந்து, திருவனந்தபுரத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு வந்தபோது கட்டிலிலிருந்து குளியலறை வரை போவதே ஒரு யாத்திரை. அவளைத் தாங்கிக்கொண்டு போனது ஷியாமளா. குளிக்க வைத்தது ஷியாமளா. தொழிலுறுதி என்னும் நூறு நாள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு, பிசியோதெரபிக்காரி சொன்னபடி காலையும் மாலையும் அந்தக் காலை மடக்கி நீட்டிக்கொடுத்ததும் அவள்தான். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், "களிச்சது மதி, போரும், இனி ஒரு பிள்ளையப் பெத்து வீட்டுல இருக்கட்டு" என்று சொல்லிக்கொண்டு பலகாரத்தைத் தின்றார்கள். ஷியாமளா தட்டைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு இல்லியா" என்று கேட்டாள். அன்றைக்குப் பிரசீதா போர்வையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு அழுதாள். இந்த அம்மாவுக்கு நான் என்ன செய்து தீர்ப்பேன் என்று நினைத்தாள். அந்த நினைப்புதான் பின்னால் அவளைக் குழியில் தள்ளியது. நன்றியும் அளவு தெரியாமல் போனால் ஆளைக் கவிழ்க்கும் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

கிளப் ஒரு நல்ல காரியம் செய்தது. அடிபட்டவளை உடனே கழற்றிவிடவில்லை. சிங்கம், அதாவது ஆவணி மாதம், பிறக்கும் நேரத்தில் சோதனை வைப்போம், உடல் எடையும் கால் பலமும் பழையபடி இருந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் என்றார்கள். இல்லாவிட்டால் அவள் இடத்துக்கு வேறு பெண். முழங்கால் சும்மா கிடந்த மாதங்களில் தொடை வற்றி, எடை கரைந்து போயிருந்தது. எடை குறைந்தவள் முன்வரிசையில் நின்றால் எதிராளி தூக்கி எறிந்துவிடுவாள், அதில் கழுத்தே போகலாம். ஆகவே சும்மா கொழுக்காமல் சதையாக எடை போட வேண்டும், அதுவும் நாளுக்கு நாள் கொஞ்சமாக.

இதற்கு இரண்டு பேரைக் கிளப் அவளோடு கோத்துவிட்டது. ஒருவர் பலப்பயிற்சியாளர் சத்தியராஜ். போனில் வீடியோ பார்த்தே, "குதிகால் தூக்குது", "இடுப்பு ஒரு பக்கமாப் போகுது" என்று சொல்லிவிடுவார். பாரத்தை நிதானமாக இறக்க வேண்டும், அடியில் ஒரு மூச்சு நிற்க வேண்டும், எழும்போது மட்டும் வேகம் என்பது அவர் பாடம். மனசு சரியில்லை, மழை பெய்கிறது, மாமன் வீட்டில் விசேஷம் என்று எதைச் சொன்னாலும் காதில் வாங்கமாட்டார். நன்றாகத் தூங்கினாயா என்று மட்டும் கேட்பார். தூங்கவில்லை என்றால் அன்றைக்குப் பாரத்தைக் குறைத்துவிடுவார். பழைய ரப்பர் ஷீட் புகை போடும் கொட்டகையில், மாமனார் காலத்துக் கம்பிகளை ஒதுக்கிவிட்டு, இரும்புத் தண்டும் தட்டுகளும் வைத்துப் பிரசீதா பழகினாள். கல்படியில் ஒரு காலால் ஏறி இறங்கும் பயிற்சிக்கு முதுகில் பாரம் வேண்டும். அதற்கு ஷைஜு. கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்குவான். கணக்குத் தப்பிவிடும் என்பதால் அவன் எடை கூடக்கூடாது என்று உத்தரவு. கல்யாணமான பிறகு மெலிந்தே இருக்கும் ஆண்பிள்ளை அந்தப் பஞ்சாயத்தில் அவன் ஒருத்தன்தான்.

இன்னொருத்தி உணவு நிபுணர் ஆனந்தலட்சுமி. பெங்களூரில் இருந்தாலும் நாகர்கோவில்காரி. அதனால் ஊரில் கிடைக்காத எதையும் சொல்லி உயிரை வாங்கவில்லை. காலையில் முட்டையும் புட்டும் பயறும், பாரம் தூக்கின கையோடு ஏத்தன்பழம் என்கிற நேந்திரம்பழமும் பாலும், மத்தியானம் சோறும் சாளை மீன் கறியும், தள்ளுகிற நாளில் அவித்த மரச்சீனிக் கிழங்கு, இரவில் கோழியோ மீனோ. ஒரே நேரத்தில் மலை போலத் தின்று பிரயோஜனம் இல்லை, கிழிந்த சதை வளர நாள் முழுக்க இடைவிட்டு இடைவிட்டுப் புரதம் போய்ச் சேர வேண்டும் என்பாள். ஒவ்வொரு தட்டையும் சாப்பிடுமுன் படம் பிடித்து அனுப்ப வேண்டும். ஷியாமளா கறியை ஊற்றிவிட்டு, "படம் பிடிச்சாச்சா, கை வைக்கலாமா" என்று கேட்கப் பழகிவிட்டாள். ஆனிக்குச் சமமான மிதுன மாதம் முடியும்போது எடை பெரும்பாலும் ஏறிவிட்டது. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி.

அப்போது கர்க்கடகம் பிறந்தது.

தமிழ்நாட்டு ஆடிதான் இங்கே கர்க்கடகம். அடைமழை மாதம். உடம்புக்கு ஓய்வு கொடுத்து, எண்ணெய் தேய்த்து, மருந்துக் கஞ்சி குடித்து, மீனும் இறைச்சியும் விலக்கி, மாலையில் விளக்கு முன்னால் பாராயணம் செய்வது வழக்கம். முதல் நாள் விளக்கேற்றிவிட்டு ஷியாமளா மருமகளைப் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில ஒன்னய உள்ள கொண்டு போன அண்ணைக்கு பகவதிக்கிட்ட ஒரு காரியம் நேந்துட்டேன் மக்கா. கால்முட்டு நேராவட்டு, வீடு மொத்தமும் கர்க்கடகம் முழுக்க நோன்பு இருக்கோம்ண்ணு. கஞ்சியில கடைப்பொடி ஒண்ணும் சேக்கமாட்டேன், ஒனக்கு ஊக்கமருந்துப் பரிசோதனை உண்டுண்ணு எனக்குத் தெரியும். நவர அரிசியும் வெந்தயமும் தேங்காப்பாலும் மட்டுந்தான். ஒடம்பு நல்லா தேறும்."

முகத்தில் அத்தனை சந்தோஷம். எனக்கு முட்டையும் மீனும் இல்லாமல் முடியாது என்று பிரசீதா அப்போதே சொல்லியிருக்கலாம். நாக்கு எழும்பவில்லை. தன்னைக் குழந்தை போலக் குளிப்பாட்டிய கை எதிரே விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்தது. "சரி மாமி" என்றாள்.

ஷைஜு ரகசியமாக ஒரு வழி சொன்னான். காஞ்சிரங்குளத்துக்குச் சரக்கோடு போகும்போது ரோட்டோரத் தட்டுக்கடையில் முட்டையும் கோழியும் வாங்கி வருகிறேன், வண்டியிலேயே தின்றுவிடு என்றான்.

"வேண்டாம் அண்ணா. எனக்க காலுக்காக அவிய நேந்தது. நான் ஒளிச்சுத் தின்னா பின்ன அதுக்கு என்ன அர்த்தம்?" என்றாள். இந்தப் பக்கத்துப் பெண்கள் பலருக்கும் புருஷன் அண்ணன்தான்.

பெரிய நியாயவாதி. ஆனால் படம் அனுப்ப வேண்டுமே. மருந்துக் கஞ்சியைப் படம் பிடித்து அனுப்பினால் ஆனந்தலட்சுமி கேள்வி கேட்பாள், அவள் கேட்டால் மாமியிடம் சொல்ல வேண்டி வரும். போனில் மிதுன மாதத்துப் படங்கள் கிடந்தன. அதிலிருந்து ஒன்றொன்றாக எடுத்து அனுப்பினாள். பகவதிக்கு உண்மையும் ஆனந்தலட்சுமிக்குப் பொய்யுமாக நாட்கள் போயின. முட்டைக்குப் பதில் பயறு, பால், தயிர் என்று திட்டமாக மாற்றி எழுதிக் கேட்டிருந்தாலாவது சமாளித்திருக்கலாம். அதைக் கேட்கவும் வாய் திறக்க வேண்டும் அல்லவா? காலையும் இரவும் கஞ்சி, மத்தியானம் சோறும் காய்கறித் தோரனும் என்று சாப்பிட்டுவிட்டு, அதே பாரத்தைத் தூக்கினாள். முதல் வாரம் தெரியவில்லை. அடுத்த வாரம் அடியில் மூச்சு நிறுத்தினால் எழும்ப முடியவில்லை. ஷைஜுவை முதுகில் ஏற்றிக்கொண்டு கல்படி ஏறும்போது கால் வெடவெடவென்று ஆடியது. வண்டி மேட்டில் பாதியில் நின்றது. உண்மையிலேயே உதவி தேவைப்பட்ட அந்த நாளில் மழைக்குப் பயந்து ரோட்டில் ஒருவரும் இல்லை. காலையில், எண்ணைத் தானே கிளப்புக்கு அனுப்பிவிடும் எடை மிஷினில் ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். மூடினால் குறையாமல் இருக்குமா?

ஒரு சாயங்காலம் அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அடுக்களையில் போன் அடித்தது. ஷியாமளா எடுத்தாள்.

"பிரசீதாவா?"

"அவ குளிக்கா. நான் மாமியாராக்கும்."

"நல்லதாப் போச்சும்மா, நான் ஆனந்தலட்சுமி. நீங்களே சொல்லுங்க. நாலு முட்டையும் சாளையும் கோழியும் படத்துல வருது. ஆளுக்கு எடை குறைஞ்சுக்கிட்டே போகுது. அந்தச் சாப்பாடெல்லாம் எங்க போகுது?"

"எந்தப் படம் மோளே?"

"இன்னைக்கு மத்தியானம் அனுப்பின படம். சாளைக்கறி. மூணு நாளா அந்த மீன் ஒரே பக்கமாத் தலைய வச்சுப் படுத்திருக்கு, அதுதான் எனக்குச் சந்தேகம்."

"கர்க்கடகம் பிறந்த பின்ன இந்த வீட்டுக்குள்ள மீன் கேறல்ல."

ஆனந்தலட்சுமி மெதுவாகச் சொன்னாள். "அம்மா, இப்படியே போனா சோதனையில நிக்கமாட்டா. அவளுக்க இடத்துக்கு ரெண்டு பிள்ளைய காத்திருக்கு. நோன்புண்ணு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வேற வழி பாத்திருப்பேனே."

பிரசீதா தலையைத் துவட்டிக்கொண்டு வந்தபோது போன் பலகைமேல் இருந்தது. ஷியாமளா விளக்கேற்றினாள். வழக்கமான பாராயணத்தை ஒரு வரி விடாமல் முடித்தாள். புத்தகத்தை மூடிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்புறம்தான் திரும்பினாள்.

"எனக்கு பயந்தா ஒண்ணும் சொல்லாம இருந்த?"

பிரசீதாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "பயம் இல்ல மாமி."

"பின்ன?"

"நீங்க எனக்குச் செய்ததுக்கு… ஒரு மாசம் மீன் இல்லாம இருக்கது பெரிசாண்ணு நெனச்சேன்."

ஷியாமளாவின் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "நான் ஒனக்க காலைப் பிடிச்சு மடக்கி நீட்டினது நீ ஓடுகதுக்காக்கும். எனக்க முன்னால தலையாட்டுகதுக்கு இல்ல. களி போனா நீ இஞ்ச இருந்து எனக்கு நன்றி காட்டி என்ன செய்ய? அதப் பாத்து நான் சந்தோஷப்படுவேன்னா நெனச்ச?"

பிரசீதா அழுதாள். ஷைஜு வாசலில் நின்றுகொண்டு உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் குடையை மடக்கி மடக்கி விரித்தான்.

"நேந்தது எனக்க நாக்கு" என்றாள் ஷியாமளா கடைசியாக. "ஒனக்க நாக்கு ஒண்ணும் நேரல்ல. பகவதிக்கிட்ட நான் பேசிக்கிடுதேன். எலே ஷைஜு, நாளைக்குக் காலையில மீன் வரணும்."

அன்று இரவே பிரசீதா ஆனந்தலட்சுமியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள். நல்ல திட்டுக் கிடைத்தது. பொய்ப் படத்தை வைத்துக்கொண்டு நான் எப்படிச் சாப்பாடு எழுதுவது என்று கேட்டாள். திட்டி முடித்துவிட்டு, "அந்தக் கஞ்சிய விடாத. ராத்திரி மற்ற சாப்பாட்டோட சேத்துக் குடி. அதுல ஒரு குத்தமும் இல்ல, அத மட்டும் குடிச்சதுதான் குத்தம்" என்றாள்.

மறுநாளிலிருந்து புகைக் கொட்டகையில் இரண்டாவது அடுப்பு எரிந்தது. வீட்டு அடுக்களையில் நோன்புச் சமையல், கொட்டகையில் மீனும் முட்டையும். இரண்டையும் ஷியாமளாவே செய்தாள். நான் வைத்துக்கொள்கிறேன் என்று பிரசீதா சொன்னதற்கு, "நீ தண்டத் தூக்கு" என்று பதில் வந்தது. காலையில் கொட்டகையில் சமைத்துவிட்டு, கிணற்றடியில் மழையோடு மழையாகக் குளித்து, ஈரத்தோடு போய் விளக்குத் துடைப்பாள். மாலையில் மறுபடி மீன், மறுபடி குளியல், பாராயணம். நோன்பிருக்கிறவள் கறியை நாக்கில் வைத்துப் பார்க்க முடியாது. ஒரு நாள் உப்புக் கரிக்கும், ஒரு நாள் உப்பே இருக்காது. பிரசீதா எல்லாவற்றையும் வழித்துச் சாப்பிட்டாள். உலகத்தில் எந்த விளையாட்டு வீரருக்கும் இப்படிச் சமைத்துப் போட ஆள் இருக்காது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

படம் அனுப்பும் வேலையையும் ஷியாமளா கையில் எடுத்துக்கொண்டாள். பாதித் தட்டை அவள் கட்டைவிரல் மறைத்திருக்கும். ஆனந்தலட்சுமி அதையும் நம்பினாள்.

மேட்டில் வண்டி தள்ளும் நேரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு ஷியாமளா முன்னால் நடந்தாள். உதவ ஓடி வருகிறவர்களை நிறுத்துவது அவள் வேலை. "தொடாத, தொடாத. வண்டிக்கு ஒரு கேடும் இல்ல. பிள்ள பெலத்துக்குத் தள்ளுதா" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். உதவி செய்யாமல் நிற்பது அவர்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பக்கத்து வீட்டு ஷைலஜாவால் அப்படி நிற்க முடியவில்லை. தள்ளக்கூடாதென்றால் தின்னவாவது கொடுக்கலாமா என்று கேட்டு, தன் கோழிகள் இட்ட முட்டைகளைச் சும்மாவே கொண்டுவந்து கொட்டகையில் வைத்துவிட்டுப் போனாள். பால் வெட்டுகிற கிழவர் ஒருவர் ஏத்தன்குலை ஒன்றைத் தோளில் சுமந்து வந்தார். அந்த ஊருக்கு இப்படியும் ஒரு தள்ளு தள்ளத் தெரிந்திருந்தது.

கர்க்கடகத்தின் கடைசி நாள் சத்தியராஜ் திருவனந்தபுரம் வந்தார். தென்பக்கத்து ஆட்டக்காரிகளுக்கெல்லாம் அங்கே ஒரு ஜிம்மில் சோதனை. பிரசீதா எடை மிஷினில் ஏறினாள். இந்தத் தடவை கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். கரைந்ததில் பெரும்பகுதி திரும்பி வந்திருந்தது, ஆனால் கேட்ட எடைக்கு இன்னும் ஒரு கிலோ குறைந்தது. சத்தியராஜ் முகத்தில் ஒன்றும் காட்டாமல் அடுத்த அறையைக் காட்டினார்.

தண்டின் இருபுறமும் தட்டுகள் கோத்தார்கள். போன சீசனில் அவள் தூக்கிய பாரம். தோளில் ஏற்றி, நிதானமாக இறங்கி, அடியில் ஒரு மூச்சு நின்று எழுந்தாள். இன்னும் தட்டு போட்டார்கள். எழுந்தாள். இன்னும் கொஞ்சம் போட்டபோது அடியில் போய் நின்றவளுக்கு மேலே வர வழி தெரியவில்லை. வலது முழங்கால் உள்பக்கமாகச் சாயப் பார்த்தது. கிணற்றடியில் மழையில் குளித்துக்கொண்டிருக்கும் ஒருத்தியின் முதுகு அவள் நினைவுக்கு வந்தது. முழங்காலை வெளியே தள்ளி, பல்லைக் கடித்து, அங்குலம் அங்குலமாக எழுந்தாள். தண்டைத் தாங்கியில் வைத்தபோது பக்கத்திலிருந்த பெண் கை தட்டினாள். சத்தியராஜ் முழங்காலை அமுக்கிப் பார்த்தார். "கிளப்புல பேசணும். நாளைக்குக் காலையில சொல்றேன்" என்றார். எடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வீடு வந்து சேரும்வரை ஷைஜு பேச்சுக் கொடுத்துப் பார்த்தான், அவள் உம் கொட்டினாள்.

சிங்கம் ஒன்றாம் தேதி மழை விட்டிருந்தது. நோன்பை முடிக்க ஷியாமளா பகவதி கோயிலுக்குக் கிளம்பினாள். மற்ற இருவரும் கூடப் போனார்கள். போனை ஷைஜுவிடம் கொடுத்துவிட்டுப் பிரசீதா உள்ளே வந்து, மாமியாரின் பின்னால் கைகூப்பி நின்றாள். ஷியாமளா மனசுக்குள் வேண்டுகிறவள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவது போல, கொஞ்சம் தணிந்த குரலில் பேசினாள்.

"அம்மே, கர்க்கடகத்துல எனக்க வீட்டுப் பறம்புல மீன் வெந்தது. நீ கண்டிருப்ப. வச்சது நான். அவ தின்னது நான் சொல்லி. குத்தம் உண்டுண்ணா அத எனக்க தலையில வை. அந்தப் பிள்ளைக்க முட்டுல மட்டும் கை வைக்காத."

பிரசீதா கேட்க வேண்டும் என்று நினைத்து வந்தது எத்தனையோ. ஒன்றையும் கேட்கவில்லை. தெய்வத்திடம்கூடத் தனக்காகப் பழியை ஏற்றுக்கொள்ள ஒருத்தி முன்னால் நிற்கிறாள். இதற்கு மேல் என்ன கேட்பது? நன்றி என்று மட்டும் சொன்னாள். யாருக்குச் சொன்னாள் என்று அவளுக்கே தெளிவாகத் தெரியாது. கண் பொங்கி வழிந்தது.

வெளியே வந்தபோது ஷைஜு போனை நீட்டிக்கொண்டு ஓடி வந்தான். சத்தியராஜ்.

"எடை கொஞ்சம் குறைவுதான், அதைக் கிளப் கேம்ப்ல பாத்துக்கலாம்னு ஆனந்தலட்சுமி பொறுப்பு எடுத்துக்கிட்டாங்க. நீ தூக்கினது போன சீசனைவிட அதிகம். முழங்கால் நல்லா இருக்கு. ஒப்பந்தம் உண்டு. வெள்ளிக்கிழமை கேம்ப்ல இருக்கணும்."

அவள் கேட்டதைச் சொல்லி முடிக்குமுன் ஷைஜு ஒரு கத்துக் கத்தினான். பிரசீதா குனிந்து மாமியாரின் கையைப் பிடித்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். "உங்களுக்கு நான் என்ன சொல்லணும்ண்ணு தெரியல்ல மாமி. நீங்க இல்லேண்ணா இந்தக் கால் இல்ல."

"போதும் போதும், ஆளுவ பாக்காவ" என்றாள் ஷியாமளா. கையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று பேரும் வண்டியை நோக்கி நடந்தார்கள். பாதி வழியில் அவள் நின்றாள்.

"மக்கா, நம்ம ஓணம் கழிஞ்சு போனா போராதா? பத்து நாளு தானே. ஒனக்க கால் நேரானதுக்கு இந்த ஓணத்துக்கு நல்லா ஒரு சாப்பாடு வைக்கணும்ண்ணு எனக்கு ஒரே ஆச. அந்த சாருக்கிட்ட ஒண்ணு கேட்டுப் பாரேன்."

கேட்கிற முகத்தில் அத்தனை ஆசை. பிரசீதாவின் நாக்கு நுனியில் "சரி மாமி" வந்து நின்றது. கேட்டால் சத்தியராஜ் ஒருவேளை விட்டும் கொடுப்பார். ஆனால் அவள் இடத்துக்கு இரண்டு பேர் காத்திருக்கிறார்கள்.

"இல்ல மாமி" என்றாள். "முடியாது. நான் வெள்ளிக்கிழமையே போணும்."

ஷைஜு நடப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். ஷியாமளாவின் முகம் ஒரு கணம் வாடியது. வாடியதைப் பிரசீதா பார்த்தாள், பார்த்தும் சொன்னதை மாற்றவில்லை. ஷியாமளா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அந்த அம்மாவின் கண் நிறைந்தது, வாய் சிரித்தது.

"இப்பமாக்கும் நீ எனக்க மோளு" என்றாள்.